வீட்டு வேலையில் பிள்ளை கைகொடுக்கலாமா? சட்டம் விடுவது எதுவரை

முகூர்த்த நாளுக்கு மறுநாள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பள்ளிகளில் சில நோட்டுகளைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு வரி ஒழுங்காக இருக்கும். மூன்றாவது வரியில் பேனா அப்படியே கீழே இழுத்துக்கொண்டு போயிருக்கும். ராத்திரி பந்தியில் இலை எடுத்துப் பாத்திரம் கழுவிய பையன், எழுதும்போதே தூங்கிவிட்டான். வருகைப் பதிவேட்டில் அவன் இருக்கிறான். பரீட்சையில் மார்க் குறைந்ததும் மக்கு என்று பெயர் வைத்துவிடுகிறோம். அதுதான் பொறுக்கவில்லை.

1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் வந்த திருத்தப்படி, 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. ஒருநாள் கூலி என்றாலும், "அவனாகத்தான் வந்தான்" என்றாலும் வேலைக்கு வைத்தவர்மேல் குற்றம்தான்: 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 14 முதல் 18 வயது வரை ஆபத்தான வேலைகளுக்கு மட்டும் தடை.

சரி, சொந்த வீட்டு வேலை? பலகாரம் சுடுவது, ஆத்தங்குடிக் கல் போடுவது என்று நம் ஊரில் தொழில் வீட்டோடு நடக்கிறது. குழப்பமும் இங்கேதான். பெற்றோருக்கோ, அவர்களுடன் பிறந்தவர்களுக்கோ பிள்ளை உதவலாம். ஆனால் 2017 விதிகள்படி பள்ளி நேரத்தில் கூடாது, இரவு 7 முதல் காலை 8 மணி வரை கூடாது, ஓய்வு நேரம் நீங்கலாக ஒரு நாளைக்கு 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. குடும்பத்துக்குக் காசு வரும் உற்பத்தியிலோ விற்பனையிலோ எந்தக் கட்டத்திலும் பிள்ளையின் கை இருக்கக் கூடாது. ஆகவே விற்பனைக்குத் தேன்குழல் பிழிய விடியற்காலை 4 மணிக்கு மகளை எழுப்புவது உதவிக் கணக்கில் வராது.

சொல்லாமல் தொடர்ந்து 30 நாள் வராத பிள்ளையைப் பற்றித் தலைமையாசிரியர் பொறுப்பு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அப்புறம், நின்றுபோன பிள்ளையைத் திரும்பச் சேர்க்க டிசி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளையை வருடத்தின் நடுவிலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும்.

பெற்றோரைப் பிடித்துக்கொண்டு போவார்களோ என்று பயந்து அக்கம்பக்கத்தார் வாய் திறப்பதில்லை. முதல் தடவை பெற்றோருக்குத் தண்டனை கிடையாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை.