மெகலடோன்: பேரெயிற்றுச் சுறா

கிரேக்கத்தில் 'மெகாஸ்' என்றால் பெரியது, 'ஒடூஸ்' என்றால் பல். இரண்டும் சேர்ந்ததே மெகலடோன், அழிந்துபோன ஒரு பெருஞ்சுறாவின் பெயர். மாஸ்டோடோன், இகுவானோடோன் என்ற அழிந்த விலங்குப் பெயர்களின் வாலில் நிற்பதும் இதே பல்தான். ஆக, 'மெகலடோன் பல்' என்பது 'பெரும்பல் பல்'!

சுறாவுக்கு எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான், செத்ததும் அழுகிவிடும். பல்லோ விழவிழ முளைக்கும். ஒரு சுறா ஆயிரக்கணக்கில் உதிர்த்துவிட்டே சாகும். அதனால் 19ஆம் நூற்றாண்டில் இயற்கையியலாளர் லூயி அகாசி பல்லைப் பார்த்தே மெகலடோனுக்குப் பெயரிட்டார். வெள்ளைச் சுறாவின் இனமென்று அவர் கருதினார். இன்று பலர் இதை அழிந்துபோன ஒட்டோடஸ் பேரினத்தில் சேர்க்கிறார்கள்; அதன் பொருளும் 'காதுப்பல்'.

தமிழில் இதை 'இராட்சதச் சுறா' என்று எழுதினால் பல் காணாமற்போய்விடும், திமிங்கிலச் சுறாவோடும் குழம்பும். பல்லுக்குப் பழந்தமிழில் எயிறு என்ற சொல் உண்டு. முள்ளெயிறு என்பது சங்கப்பாட்டில் பழகியதே. எனவே 'பேரெயிற்றுச் சுறா' பொருந்தும். பேச்சுக்கு 'பெரும்பல் சுறா' போதும். கல்லான பல்லை நம் இலங்கைப் பாடநூல்களின் வழக்கப்படி உயிர்ச்சுவடு எனலாம்.

அடையாளம் காண, முதலில் பல்லின் வெளியே தெரியும் முடிப்பகுதியும் வேரும் சேருமிடத்தைப் பாருங்கள். பேரெயிற்றுச் சுறாவில் அங்கே கருமையான 'வி' வடிவக் கழுத்துப்பட்டை இருக்கும். வெள்ளைச் சுறாவில் இராது. விளிம்பின் அரப்பற்கள் இதில் நுண்மையாக, ஒரே சீராக இருக்கும். வெள்ளைச் சுறாவில் பருமனாக, ஒழுங்கற்று இருக்கும். பேரெயிற்றுச் சுறாவின் பல்லும் தடிப்பு, வேரும் பருத்தது. நுனியிலிருந்து வேரின் தூர மூலைவரை சாய்வாக அளந்தால் மிகப் பெரியவை 18 செ.மீ. அளவு வரும், வெள்ளைச் சுறாவில் 7 செ.மீ. தாண்டுவது அரிது. ஆனால் அளவை மட்டும் நம்பக்கூடாது: குட்டியின் பல்லும் வாயின் கடைப்பல்லும் சிறியவை, வேர் உடைந்திருந்தால் கணக்குக் குறையும். அலையில் உருண்டதில் அரப்பல்லும் மழுங்கிவிடும்.

நிறமும் ஏமாற்றும். கறுப்போ பழுப்போ, அது புதைந்திருந்த மண்ணின் கனிமம் தந்தது, வயதைச் சொல்லாது.

நம் கிழக்குக் கரையில் பாசிக்குடாவிலோ திருக்கோவிலிலோ ஒரு பல் அகப்பட்டால் அவசரப்பட வேண்டாம். மட்டக்களப்பும் அம்பாறையும் விஜயன் தொகுதி எனப்படும் மிகப் பழைய படிகப் பாறைமேல் இருக்கின்றன. அதில் உயிர்ச்சுவடு இல்லை. இந்தச் சுறா வாழ்ந்ததோ ஏறத்தாழ 2.3 கோடி ஆண்டு முதல் 36 இலட்சம் ஆண்டு முன்புவரை. அக்காலத்தில் அடங்கும் மயோசீன் யுகத்துச் சுண்ணக்கல்லுக்கு யாழ்ப்பாணத்துக்கோ புத்தளம் பக்கத்து அருவக்காட்டுக்கோதான் போகவேண்டும். நம் கரையில் கிடைப்பது பெரும்பாலும் இன்றைய சுறாவின் பல். சேவற்கொண்டைபோல் ஒருபக்கம் சாய்ந்து, ஆழமான வெட்டோடு இருந்தால் அது புலிச்சுறா.

கழுவ நல்ல தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். உப்புப் போக, தண்ணீரை மாற்றி மாற்றிச் சில நாள் ஊறவிடுங்கள். வினாகிரி, தேசிக்காய்ப்புளி கூடாது. பல் கல்சியம் பொசுபேற்றாலானது, அமிலம் அரித்தால் முதலில் அழிவது அந்த நுண்ணிய அரப்பற்கள்தான்.