பிச்சிச் செடியைக் கவாத்து செய்யும் காலம்

குளிர்காலம் கடந்த பிறகே செடிகளைக் கவாத்து செய்ய வேண்டும், அதாவது கிளைகளை வெட்டிவிட வேண்டும் என்பது உறைபனி விழும் ஊர்களுக்குரிய அறிவுரை. கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்கழிப் பனி இலைகளை நனைக்குமே தவிர, தளிரைக் கருக்குவதில்லை. ஆனாலும் அந்த அறிவுரையின் பின்னுள்ள தாவரவியல் தோவாளைப் பிச்சித் தோட்டத்துக்கும் பொருந்தும்.

கிளையின் நுனிமொட்டில் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டின் வழியே கீழ்நோக்கி இறங்குகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும் வரை இலைக்கோணங்களிலுள்ள பக்கமொட்டுகள் பெரும்பாலும் உறக்கத்திலேயே இருக்கும். 1933-இல் திமான், ஸ்கூக் ஆகிய இரு தாவர ஆய்வாளர்கள் ஓர் அவரையினச் செடியின் நுனியை நீக்கிவிட்டு, வெட்டுவாயில் ஆக்சினை வைத்துப் பார்த்தபோது, நுனியே இல்லாத நிலையிலும் பக்கமொட்டுகள் அடங்கியே கிடந்தன. இது மட்டுமே காரணமன்று. நுனியை நோக்கி ஓடிக்கொண்டிருந்த சர்க்கரை, வெட்டு விழுந்ததும் பக்கமொட்டுகளுக்குத் திரும்புவதே அவற்றை முதலில் எழுப்புகிறது என்பதைப் பட்டாணிச் செடியில் 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. பிச்சியும் மல்லியும் புதிய கிளைகளில்தான் பூக்கும் என்பதால், துளிர் பெருகினால் பூவும் பெருகும்.

எழும் துளிரோ மிக இளசு. நீர் நிறைந்த, மெல்லிய சுவருடைய செல்களால் ஆனது. உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விழும் உறைபனியில் அத்தகைய தளிர் ஒரே இரவில் கருகிவிடும் என்பதால் அங்கே பனிக்காலம் முடியக் காத்திருக்க வேண்டும். குமரியில் காத்திருக்க வேண்டியது மழை ஓய்வதற்காக. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டுவாய் உலராமல் ஈரமாகவே இருந்தால் அதன் வழியே பூஞ்சை நுழைந்து, தண்டு மேலிருந்து கீழாகக் காயத் தொடங்கும்.

தமிழகத்தில் பொதுவாகக் குண்டுமல்லியை நவம்பர் இறுதியிலும், பிச்சி, முல்லை ஆகியவற்றை ஜனவரி இறுதியிலும், தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி உயரத்தில் வெட்டுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை நீளும் ஆண்டில், நாள்காட்டியைவிட வானத்தைப் பார்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து: தொடர்ந்து சில நாள் வெயில் அடித்து, மண்ணில் ஈரம் மிஞ்சியிருக்கும் நேரமே மல்லிக்குச் சிறந்தது.

வெட்டும் முன் பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் பச்சை தெரியும் இடம்வரை இறங்க வேண்டும். வெளிப்புறம் பார்த்த ஒரு மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, நீர் மொட்டின் மீது வழியாதபடி சாய்வாக, கூரிய கத்திரியால் வெட்டுவது முறை.

மாமரத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அது முந்தைய மாதங்களில் முற்றிய கிளைகளின் நுனியில் பூப்பதால், பனிக்காலத்தில் வெட்டினால் பூங்கொத்தையே வெட்டியதாகும். அதைக் காய் பறித்து முடிந்த கையோடு கவாத்து செய்துவிட வேண்டும்.