கிராவல் பயணத்துக்கு டயர்: பக்கச்சுவரைத் தடவிப் பார்த்து வாங்குங்கள்

ஜல்லியிலும் மண் பாதையிலும் ஓட்டும் கிராவல் சைக்கிளுக்கு டயர் மாற்ற வருகிறவர்கள் பெரும்பாலும் போனில் ஒரு படத்தைக் காட்டி, "இந்த பட்டன் நம்ம ஊர் மண்ணுக்குப் பிடிக்குமா?" என்றுதான் கேட்கிறார்கள். பட்டன், அதாவது டயரின் மேல் புடைத்து நிற்கும் ரப்பர் கட்டி, எவ்வளவு உயரம், நடுவில் வழவழப்பாக இருக்கலாமா, ஓரத்தில் எத்தனை வரிசை என்று பேச்சு அதிலேயே போய்விடுகிறது. ஆனால் பயணம் பாதியில் நின்று, டெம்போவிலும் பஸ் கூரையிலும் ஏற்றிக் கொண்டுவரப்படும் சைக்கிள்களைக் கழற்றிப் பார்க்கும்போது, பட்டன் சரியில்லாமல் நின்ற வண்டி அரிதிலும் அரிது. ஒன்று, பக்கச்சுவர் கிழிந்திருக்கும். இல்லையென்றால், சுமைக்கு ஏற்ற காற்று இல்லாமல் டியூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு ஓட்டை விழுந்திருக்கும். கடையில் யாரும் கேட்காத இந்த இரண்டு விஷயங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

முதலில் பக்கச்சுவர். கல்குவாரிக்குப் போகும் ரோட்டில் டிப்பர் லாரி சிந்திய புது ஜல்லியை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். ஆற்றுக் கூழாங்கல்லுக்கு இருக்கும் உருட்சி அதற்குக் கிடையாது. கிரஷரில் உடைந்த கருங்கல், ஒவ்வொரு விளிம்பும் கூர். டயர் அதன் மேல் நேராக ஏறினால் பெரிய ஆபத்தில்லை, தரையில் படும் இடத்தில் ரப்பர் தடிமனாக இருக்கிறது. ஏறிய டயர் கல்லிலிருந்து பக்கவாட்டில் வழுக்கி இறங்கும்போதுதான் அந்த விளிம்பு பக்கச்சுவரை உரசிக்கொண்டு போகிறது. அங்கே டயர் துணியின் நூலுக்கு மேல் இருப்பது மெல்லிய ரப்பர் பூச்சு மட்டும். பட்டறைக்கு வரும் கிழிசல் பல நேரம் ஒரு விரல் நகத்தின் அகலம்தான் இருக்கும். ஓரங்களில் வெள்ளை நூல் பிரிந்து நிற்கும், அதைச் சுற்றி, ஓட்டையை அடைப்பதற்காக டயருக்குள் ஊற்றும் திரவமான சீலன்ட் நுரைத்துக் காய்ந்திருக்கும். இவ்வளவு சின்னக் கிழிசலை சீலன்ட் ஏன் அடைக்கவில்லை என்று கேட்பார்கள். டயர் உருளும் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி விரிகிறது. அடைத்தது திரும்பத் திரும்பத் திறந்துகொள்கிறது, ஓட்டையை அடைக்கச் செருகிய பிளக் துண்டும் வெளியே வந்துவிடுகிறது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரில் 2006இல் தொடங்கி, இன்று அன்பவுண்ட் கிராவல் என்ற பெயரில் நடக்கும் 200 மைல் பந்தயம் ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுகள் வழியாகப் போகிறது. அங்கே பாதையில் கிடப்பது சிக்கிமுக்கிக் கல். டயருக்குப் பணத்தைப் பொருட்படுத்தாத தொழில்முறை வீரர்களே அந்தக் கல்லில் பக்கச்சுவர் கிழிந்து பந்தயத்தை இழந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வழியில் குறிப்பிட்ட இடங்களில் உதவிக் குழு காத்திருக்கும், பையில் கூடாரமும் அடுப்பும் கிடையாது. சுமையோடு தனியாகப் போகும் நமக்கு இது இன்னும் முக்கியம்.

டயரின் பெட்டியில் டி.பி.ஐ. என்று ஓர் எண் இருக்கும், ஓர் அங்குலத்தில் எத்தனை நூல் என்பது அதன் கணக்கு. 120 என்றால் நூல் மெல்லியது, டயர் வளைந்து கொடுக்கும், சுகமாக உருளும். 60 என்றால் நூல் தடிமன், டயர் கொஞ்சம் விறைப்பு, கல்லுக்குத் தாங்கும். ஆனால் சில நிறுவனங்கள் அடுக்குகளைக் கூட்டி எண்ணைப் பெரிதாக எழுதுகின்றன. அதனால் இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயருள்ள டயரே எடை குறைந்த ரகம், பக்கச்சுவருக்குக் கூடுதல் துணி வைத்த ரகம் என்று இரண்டு விதமாக விற்கும். சுமையோடு போவதாக இருந்தால், 50 முதல் 100 கிராம் கூடினாலும் பரவாயில்லை, இரண்டாவதை வாங்குங்கள். கடையில் டயரைக் கையில் வாங்கி, பக்கச்சுவரை இரண்டு விரலால் கிள்ளி மடக்கிப் பாருங்கள். காகிதம் மாதிரி மடங்கினால் அது ஒரு நாள் பந்தயத்துக்கான டயர்.

அடுத்தது அகலம். உங்கள் ஃபிரேமும் ஃபோர்க்கும் எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அதற்குள் பெரியதைப் போடுங்கள் என்பதுதான் என் கட்சி. 40 மி.மீ. டயரிலிருந்து 50க்குப் போனால் உள்ளே காற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம் கிடைக்கிறது. அதே சுமையைக் குறைந்த அழுத்தத்திலேயே தாங்கும், கையும் இடுப்பும் மாலையில் பிழைக்கும். வேகம் குறைந்துவிடுமே என்கிற பயம் கரடுமுரடான பாதையில் தேவையில்லை. மெல்லிய டயரில் இறுக்கமாகக் காற்றடித்துப் போனால், ஒவ்வொரு கல்லும் வண்டியையும் உங்களையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. அந்த உதறலில் வீணாவது உங்கள் காலின் உழைப்பு.

கீழ்பவானி வாய்க்கால் கரை போன்ற இறுகிய மண் பாதைக்கு 40 மி.மீ. தாராளம். ஜல்லி, எஸ்டேட் ரோடு, சுமை மூன்றும் சேர்ந்தால் 45க்குக் குறைய வேண்டாம். தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலில் 50 மி.மீ. டயரே புதையும், அங்கே இரண்டே கால் அங்குல மலைச் சைக்கிள் டயருக்குத்தான் வேலை. கனடாவின் பான்ஃபில் தொடங்கி மெக்சிகோ எல்லை வரை போகும் டூர் டிவைட் பாதையிலும் பலர் அந்த அகல டயரைத்தான் நம்புகிறார்கள். கோவில்பட்டிக் கரிசல் மட்டும் தனி ரகம். மழை பெய்துவிட்டால் எந்த டயரிலும் அப்பும், சக்கரமே நின்றுவிடும். காய்கிற வரை காத்திருப்பதுதான் வழி.

ஃபிரேமில் எவ்வளவு இடம் என்பதை அளந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இரு பக்கமும் 5, 6 மி.மீ. இடைவெளி வேண்டும். டயரில் 45 என்று அச்சிட்டிருந்தாலும் அகலமான ரிம்மில் அது 47க்கு விரியலாம், ஓட்ட ஓட்ட இன்னும் கொஞ்சம் தளரும். இடைவெளி குறைந்தால் ஒட்டி வரும் சின்னக் கல் ஃபிரேமை அரம் போட்டது போல் ராவிவிடும். கார்பன் ஃபிரேமாக இருந்தால் அது வெறும் பெயின்ட் விஷயம் இல்லை.

அளவு எண்ணிலும் கவனம். டயரில் 45-622 என்பது போல ஒரு ஜோடி எண் இருக்கும். இரண்டாவது எண், டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். 700சி, 29 அங்குலம் இரண்டுமே 622தான். ஆனால் வெறுமனே '26' என்று கேட்டு வாங்கினால் 559, 584, 590 என மூன்றில் எதுவும் வந்து சேரலாம். நம் ஊர்ப் பழைய 28 அங்குல சைக்கிளின் 635 டயர் 622 ரிம்மில் உட்காரவே உட்காராது. வழியில் சின்ன ஊர்க் கடையில் டயர் தேடும்போது இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, முள்ளுக்கு வருவோம். சீமைக்கருவேல முள் நீளமானது, விறைப்பானது. டயருக்குள் வைக்கும் பாதுகாப்புப் பட்டையையும் துளைக்கும், பட்டை இல்லாத பக்கவாட்டிலும் ஏறும். நெருஞ்சி சின்னது, ஆனால் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். மேற்கு அமெரிக்காவில் சைக்கிள்காரர்களை வதைக்கும் முள்ளும் இதே நெருஞ்சிதான். இந்த இரண்டுக்கும், டியூப் இல்லாமல் டயரும் ரிம்முமே காற்றைப் பிடித்து வைக்கும் டியூப்லெஸ் நல்ல மருந்து. சின்னச் சின்ன ஓட்டைகளை சீலன்ட் தானாகவே அடைத்துவிடும், பல நேரம் முள் ஏறியதே உங்களுக்குத் தெரியாது.

ஆனால் சீலன்ட் காயும், இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் கோடையில் இரண்டு மாதத்திலேயே திரவம் வற்றி, உள்ளே ரப்பர் தோலாகப் படிந்துவிடுகிறது. வெளியே பார்த்தால் டயர் நன்றாகவே இருக்கும், முதல் முள்ளில்தான் குட்டு வெளிப்படும். வால்வை மேலே வைத்து, காற்றை இறக்கி, வால்வின் உள் ஊசியைக் கழற்றி, ஒரு மெல்லிய கேபிள் டையை உள்ளே அடி வரை விட்டு எடுங்கள். நுனி ஈரமாக வந்தால் சரி, காய்ந்து வந்தால் ஊற்ற வேண்டிய நேரம். 45 மி.மீ. டயருக்கு 60 முதல் 80 மி.லி. போதும், மலைச் சைக்கிள் டயருக்கு 100 மி.லி. பக்கம்.

டியூப்லெஸ் போட்டவர்களும் ஒரு டியூப் வைத்திருக்க வேண்டும். அதைப் போடும் முன், டயரின் உட்புறம் முழுவதும் ஒரு பருத்தித் துணியால் துடையுங்கள். சீலன்ட் அடைத்து வைத்த பழைய முள் நுனிகள் உள்ளே நீட்டிக்கொண்டே இருக்கும். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே ஒரு முள், ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். இதைச் செய்யாமல் டியூப் போட்டால் கால் மணி நேரத்தில் மறுபடி கீழே உட்கார வேண்டியதுதான்.

எல்லோரும் டியூப்லெஸுக்கு மாற வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போகிறவருக்கு, பாதுகாப்புப் பட்டை வைத்த கனமான டயரும் சாதாரண டியூப்பும் நல்ல ஏற்பாடு. பஞ்சர் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது, சீலன்ட் கிடைக்கும் கடை நகரத்தில்தான். டியூப்லெஸுக்கென்று செய்யப்படாத ரிம்மில் டேப் சுற்றி ஒப்பேற்றுவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றால் முன்சக்கரம் உங்களைக் கீழே தள்ளிவிடும்.

இனி காற்று. நல்ல டயர் வாங்கிவிட்டு இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து அளவு சொல்வது கிராவல் டயரில் எடுபடாது. விறைப்பான பக்கச்சுவர் உள்ள டயர் 20 பி.எஸ்.ஐ. என்ற குறைந்த காற்றழுத்தத்திலும் கல் மாதிரி இருக்கும். 160 வரை அளவுள்ள பம்ப் மீட்டரில் 30க்கும் 35க்கும் உள்ள இடைவெளி முள் அசைவது தெரியாத அளவு. குறைந்த அழுத்தத்தைத் துல்லியமாகக் காட்டும் தனி மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு அடிப்பது? முதலில் சுமையை எடை போடுங்கள். வீட்டில் எடை பார்க்கும் தராசைப் பின்சக்கரத்தின் கீழ் வையுங்கள், முன்சக்கரத்தின் கீழ் அதே உயரத்துக்குப் பலகை. பைகள் எல்லாம் நிரப்பி, நீங்கள் ஏறி உட்கார்ந்து, சுவரை லேசாகத் தொட்டுக்கொண்டு, இன்னொருவரை அளவைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு தராசையும் பலகையையும் இடம் மாற்றி வைத்து முன்பக்கம். சுமையில் பெரும் பங்கு பின்னால்தான் விழும், அதனால் இரண்டு டயருக்கும் ஒரே அளவு காற்று பொருந்தாது. ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 95 கிலோ பக்கம் இருந்தால், 45 மி.மீ. டியூப்லெஸ் டயரில் முன்னால் 30, பின்னால் 34 என்று தொடங்கச் சொல்வேன். டியூப் என்றால் நான்கைந்து கூட்டுங்கள். ஓட்டிப் பாருங்கள். ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டால் இரண்டு கூட்டுங்கள், கைப்பிடி அதிர்ந்து விரல் மரத்தால் இரண்டு குறையுங்கள்.

பெட்ரோல் பங்க்கில் அடிக்கும்போது எச்சரிக்கை தேவை. அந்தக் குழாய் மெல்லிய பிரெஸ்டா வால்வில் பொருந்தாது, சின்ன பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும். அப்புறம், அங்கே இருப்பவர் சைக்கிள் டயர் என்றால் இறுக்கமாக இருக்க வேண்டும் என்று நினைத்து 60, 70 வரை ஏற்றிவிடுவார். அவர்மேல் குறையில்லை, அவர் பார்த்த சைக்கிள்கள் அப்படி. நீங்கள் பக்கத்தில் நின்று எண்ணைச் சொல்லுங்கள். டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் உச்ச அளவுகளில் எது குறைவோ அதைத் தாண்டவே கூடாது. ஹூக்லெஸ் ரிம், அதாவது டயரின் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி வளைவு இல்லாத ரிம் என்றால், டயர் அதற்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்க வேண்டும். தர விதிப்படி அதில் 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ.தான் மேல் எல்லை. அகலமான டயருக்கு அந்த எல்லை இன்னும் கீழே இருக்கும். கம்ப்ரசரில் காற்றேற்றி டயரை ரிம்மில் உட்காரவைக்கும்போது முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

பட்டன்? காய்ந்த மண், ஜல்லி, இடையிடையே தார் ரோடு என்ற நம் கலவைக்கு நடுவில் நெருக்கமான தாழ்ந்த பட்டனும் ஓரத்தில் கொஞ்சம் உயர்ந்த பட்டனும் இருந்தால் போதும். அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

பையில் வேண்டியவை: பிளக், கை பம்ப், டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், தடித்த ஊசி, பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூல், பழைய டயரின் பக்கச்சுவரில் வெட்டிய உள்ளங்கை அகலத் துண்டு. பக்கச்சுவர் கிழிந்தால் அந்த நூலால் தைத்து, உள்ளே துண்டை வைத்து, டியூப் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்து அடித்தால் அடுத்த ஊருக்குப் போய்ச் சேரலாம். அங்கிருந்து எவ்வளவு தூரம் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால் கடைகள் இல்லாத பகுதிக்கு நான்கைந்து பேர் சேர்ந்து போகும்போது, ஒரே அளவு சக்கரம் என்றால், மடித்து வைக்கும் டயர் ஒன்றைப் பொதுவில் கொண்டுபோங்கள்.

புது டயரைப் புறப்படும் முந்தின நாள் மாட்டாதீர்கள். ஒரு வாரம் முன்பே மாட்டி, பைகள் முழுவதும் கட்டி, பக்கத்தில் உள்ள மோசமான ரோட்டில் ஒரு நாள் ஓட்டுங்கள். இருக்கைக்கு அடியில் தொங்கும் பை பள்ளத்தில் இறங்கும்போது பின்டயரில் உரசுகிறதா பாருங்கள், உயரம் குறைந்தவர்களின் சைக்கிளில் இது அடிக்கடி நடக்கும். உரசினால் பையின் அடியும் தேயும், டயரும் சூடாகும். திரும்பி வந்ததும் இரண்டு டயரின் பக்கச்சுவரையும் ஈரத்துணியால் துடைத்து, வெளிச்சத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். நூல் தெரிந்தால் மாற்ற இன்னும் நாள் இருக்கும். உங்களுக்குப் பொருந்திய இரண்டு காற்று அளவுகளையும் ஒரு டேப்பில் எழுதி ஃபிரேமில் ஒட்டிவிடுங்கள். வழியில் காற்றடித்துத் தருகிறவருக்கு அதைக் காட்டினால் போதும்.