அதிரோஸ்கிளிரோசிஸ்: தமனிக்குள் ஒரு கூழ்

கொலஸ்ட்ரால், பிரஷர், மாரடைப்பு மூன்றையும் எல்லோரும் ஒரே மூச்சில் சொல்கிறோம். இவற்றை முடிச்சுப் போடுகிற சொல் அதிரோஸ்கிளிரோசிஸ். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் பிரித்தால் எளிது. கிரேக்கத்தில் 'அதிரே' என்றால் கூழ், 'ஸ்கிளிரோசிஸ்' என்றால் கெட்டிப்படுவது. ஜெர்மன் நோயியல் மருத்துவர் ஃபெலிக்ஸ் மார்ஷான்ட் 1904இல் இரண்டையும் ஒட்டிவைத்தார். இதயத்திலிருந்து ரத்தத்தை எடுத்துச் செல்லும் குழாய்தான் தமனி. நோயுற்ற தமனியின் சுவரைக் கீறினால் உள்ளே மஞ்சளாக, கொழகொழவென்று இருக்கும், அதில் கொலஸ்ட்ரால் ஏராளம். அதுதான் அந்தக் கூழ்.

தமிழில் 'தமனிக்கூழ்மைத் தடிப்பு' என்கிறார்கள். கூழை விடாமல் பிடித்துக்கொண்டதற்கே பாராட்ட வேண்டும், 'தடிப்பு' என்பதைவிட 'இறுக்கம்' மூலத்துக்கு நெருக்கம் என்றாலும். (தமனி வடசொல், ஊதுவது என்ற வேரிலிருந்து வந்தது. கிரேக்கர்களும் இந்தக் குழாயில் காற்றுதான் ஓடுகிறது என்று நம்பினார்கள், ஏனென்றால் பிணத்தில் அது பெரும்பாலும் காலியாகக் கிடந்தது.)

சரி, பிரஷர் எங்கே வருகிறது? அதே ரத்தம், அதே கொலஸ்ட்ரால்தான் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகளிலும் ஓடுகிறது, ஆனால் அங்கே இந்தக் கூழ் சேர்வதில்லை, அழுத்தம் குறைவு என்பது அதற்கு முக்கியக் காரணம். பைபாஸ் செய்யும்போது காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து இதயத்தில் தமனியின் வேலைக்கு வைத்தால், நாளடைவில் அதற்குள்ளும் கூழ் சேர ஆரம்பித்துவிடுகிறது! உயர் அழுத்தம் தமனியின் உள்சவ்வைச் சேதப்படுத்துகிறது, அந்த வழியாக எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு சுவருக்குள் புகுகிறது, அதை விழுங்க வரும் வெள்ளணுக்கள் வயிறு முட்டத் தின்றுவிட்டு அங்கேயே நுரை செல்களாகத் தங்கிவிடுகின்றன. அப்புறம் தமனி இறுக இறுக அழுத்தம் இன்னும் ஏறும்.

பேச்சில் இதையெல்லாம் 'அடைப்பு' என்று முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்ணீர்க் குழாயில் பாசி பிடிப்பதுபோல் இது உள்பரப்பில் ஒட்டுவதில்லை, சுவருக்குள்ளேயே வளர்கிறது. பாதிகூட அடைக்காத ஒரு கூழ்த்திட்டு திடீரென்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாயை மூடிவிடலாம், இதயத்தின் தமனியில் நடந்தால் அதுதான் மாரடைப்பு. அடைப்பு என்ற சொல் பொருந்துவது அந்தக் கடைசி நிமிடங்களுக்குத்தான், அதற்கு முன்னால் பல வருடங்கள் நடந்ததற்குப் பெயர் கூழ்மைத் தடிப்பு.