மேட்டில் மட்டும் அணைந்துபோகும் மின்சைக்கிள்

சமதளத்தில் ஒழுங்காக ஓடும் மின்சைக்கிள் மேடு ஏறும்போது சட்டென்று அணைகிறது. திரையில் பேட்டரி பாதிக்கு மேல் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்து மறுபடி இயக்கினால் ஓடுகிறது. இதற்காக மோட்டாரை மாற்றிவிடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு பேட்டரியில்தான்.

36 வோல்ட் பேட்டரிக்குள் பொதுவாக 10 லித்தியம் செல் தொகுதிகள் தொடராக இணைந்திருக்கும். முழு சார்ஜில் தொகுதிக்கு 4.2 வீதம் 42 வோல்ட். ஏறத்தாழ 30 வோல்ட்டுக்கு இறங்கினால், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து தரும் கன்ட்ரோலர் அதை நிறுத்திவிடும். பேட்டரி பழசாக ஆக அதன் அகமின்தடை, அதாவது மின்சாரத்துக்கு உள்ளேயே இருக்கும் தடை, கூடும். அது 0.5 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேட்டில் மோட்டார் 15 ஆம்பியர் இழுத்தால் 7.5 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். சும்மா இருக்கும்போது 37 காட்டிய பேட்டரி அந்த நொடியில் 29.5 தான் தரும். சுமை விலகியதும் மறுபடி 37!

இன்னொரு வகை இதைவிட ஏமாற்றும். ஒன்பது தொகுதிகள் 3.8 வோல்ட்டில் இருக்க, ஒன்று மட்டும் 2.7-க்கு விழுந்திருக்கலாம். கூட்டினால் 36.9 வருகிறது, குறையே தெரியாது. ஆனால் பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற பாதுகாப்புப் பலகை ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியே கண்காணிக்கிறது. அந்த ஒன்றைக் காப்பாற்ற மொத்த இணைப்பையும் துண்டித்துவிடும்.

அதனால் வோல்ட்டேஜைச் சுமை ஏறும்போது பார்க்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கிவைத்துச் சுற்றவிட்டால் மோட்டார் மிகக் குறைவாகவே மின்சாரம் எடுக்கும், ஒன்றும் தெரியாது. திரையில் வோல்ட்டேஜ் காட்டும் வசதி இருந்தால் மேட்டில் அது எவ்வளவு விழுகிறது என்று கவனியுங்கள். அப்புறம், இறங்கியதும் பேட்டரி கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். அது சூடாகவோ உருகியோ இருந்தால் மின்தடை அங்கேயே இருக்கிறது, பேட்டரி தப்பித்திருக்கலாம். பேட்டரியைப் பிரிக்கும் வேலை மட்டும் வீட்டில் வேண்டாம். ஒரு ஸ்க்ரூடிரைவர் நழுவினால் போதும், தீப்பற்றிவிடும்.

திரை எரிந்தும் மோட்டார் அசையவே இல்லையென்றால், முதலில் பிரேக் பிடியில் உள்ள சுவிட்சின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்துவதே அதன் வேலை. சில நேரம் அந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளும்.

மோட்டார் கிளம்பும்போது உதறினால் ஹால் சென்சாரைச் சோதிக்கலாம். சக்கரத்துக்குள் காந்தம் எங்கே நிற்கிறது என்பதை மூன்று சென்சார்கள் கன்ட்ரோலருக்குச் சொல்கின்றன. ஒன்று செத்தாலும், எந்தச் சுருளுக்கு மின்சாரம் தருவது என்று அதற்குப் புரியாது. மின்சாரம் இருக்க, த்ராட்டிலைத் தொடாமல் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சென்சாரின் சிக்னல் வயரில் வோல்ட்டேஜ் 0-வுக்கும் ஏறத்தாழ 5-க்கும் மாறி மாறி வர வேண்டும். சக்கரத்தின் நடுவில் பல்சக்கரத்தோடு இருக்கும் ஹப் மோட்டார் என்றால் பின்பக்கமாகச் சுற்றினால்தான் உள்ளே காந்தம் நகரும்.

மின்சாரத்தை அணைத்த பிறகும் சக்கரம் விட்டுவிட்டு இறுகுகிறதா? சுற்றும் மோட்டார் ஒரு ஜெனரேட்டர். எங்கோ ஷார்ட் இருந்தால் அதில் ஓடும் மின்னோட்டமே சக்கரத்தைத் தடுக்கும். கன்ட்ரோலரிலிருந்து மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் மூன்று ஃபேஸ் வயர்களையும் கழற்றி, முனைகள் ஒன்றோடொன்று தொடாமல் வைத்துச் சுற்றுங்கள். இலகுவாகிவிட்டால் கன்ட்ரோலரில் மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் ஒன்று எரிந்திருக்கிறது. அப்படியும் இறுகினால் கோளாறு மோட்டார் பக்கம். அங்கேயும் சுருளைக் குறை சொல்லும் முன், வயர் அச்சுக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். நட்டு தளர்ந்து அச்சு சுழன்றால் முதலில் நசுங்குவது அந்த வயர்தான்.