ஒரு யூனிட் மணலில் ஐந்து ஏக்கர்

தருமபுரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "நகராட்சிக்கு மானியம் வந்தால் ஓடையைத் தூர்வாரி, இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, தரைக்கும் கான்கிரீட் போட்டுவிட்டால் தண்ணீர் தேங்காமல் ஓடிவிடுமே? வெளிநாட்டு நகரங்களில் ஓடையைச் சீரமைக்கிறோம் என்று கல்லையும் மரக்கட்டையையும் கொண்டுபோய் நடுவில் போடுகிறார்கள். ஓடுகிற தண்ணீருக்குக் குறுக்கே கல் எதற்கு?"

மழைநீர் வடிகால் மட்டும் போதும் என்றால் கான்கிரீட் சரிதான். ஓடை வேண்டும் என்றால் கல் வேண்டும். ஏன் என்று சொல்ல நான் இருமத்தூருக்குப் போக வேண்டியிருக்கிறது.

அங்கே தென்பெண்ணைக் கரையில் எங்கள் ஆயா வீடு. சித்திரை, வைகாசியில் ஆறு மேலே காய்ந்து கிடக்கும். ஆயா மணலில் முழங்கை ஆழத்துக்கு ஊத்து தோண்டுவார். முதலில் கலங்கல்தான் வரும். கொட்டாங்குச்சியால் அதை மொண்டு மொண்டு வெளியே ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு ஊறும் தண்ணீரில் அடியில் கிடக்கும் மணலை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. பத்தடி தள்ளித் தேங்கிக் கிடக்கும் குட்டையில் மாடு படுத்திருக்கும், பச்சையாகப் பாசி படர்ந்திருக்கும். ஆறு ஒன்றுதான். ஒரு தண்ணீர் பச்சை, இன்னொன்று கண்ணாடி.

வடிகட்டல் என்று ஒரே சொல்லில் பள்ளிக்கூடத்தில் முடித்துவிட்டார்கள். அது பாதிக் கதை. மீதியைப் பார்க்க ஒரு சோதனை செய்யலாம், செலவு ஒன்றும் பெரிதில்லை. நீளமான கண்ணாடிப் பெட்டியோ, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவோ எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் ஆற்று மணல் நிரப்பி, ஒரு முனையை நோட்டுப் புத்தகம் வைத்துச் சற்றுத் தூக்குங்கள். தாழ்ந்த முனையில், மணல் மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு ஓட்டை. உயர்ந்த முனையில் குழாயை மெல்லத் திறந்துவிட்டால் மணல் மேல் குட்டி ஓடை ஓடும். அதன் நடுவில் குறுக்கே அரைச் செங்கல்லைப் பதியுங்கள். இப்போது கல்லுக்கு மேற்புறம் தண்ணீர் ஒரு விரற்கடை ஏறி நிற்கும், கீழ்ப்புறம் இறங்கியிருக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சால் கல்லுக்குச் சற்று மேலே, பெட்டிச் சுவரை ஒட்டி, மணலுக்குள் நீல மையை விடுங்கள்.

மை மேலே வராது. கீழே இறங்கும். கல்லுக்கு அடியில் வில் மாதிரி வளைந்து போய், அந்தப் பக்கம் மெல்ல மேலேறி ஓடையில் கலக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. வேறு எந்த விசையும் இல்லை, அந்த ஒரு விரற்கடை உயர வித்தியாசம்தான் தண்ணீரை மணலுக்குள் தள்ளுகிறது. கல் தண்ணீரைத் தடுக்கவில்லை, மாடியிலிருந்து நிலவறைக்கு அனுப்பிவைக்கிறது. இயற்கையான ஓடையில் ஒவ்வொரு பாறையும், விழுந்து கிடக்கும் ஒவ்வொரு மரமும், ஒவ்வொரு மடுவும் இந்த வேலையைச் செய்கின்றன. நாம் பார்க்கும் ஓடைக்குக் கீழே இன்னொரு ஓடை போய்க்கொண்டே இருக்கிறது. ருமேனிய அறிஞர் ட்ரயான் ஒர்கிடான் 1959இல் இந்த மண்டலத்துக்கு ஹைப்போரெயிக் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் கீழே ஓடுவது என்று பொருள். நான் அடியோட்டம் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

மேலே ஓடும் தண்ணீர் நூறு மீட்டரை ஐந்தாறு நிமிடத்தில் தாண்டிவிடும். மணலுக்குள் அதே தண்ணீர் ஒரு நாளைக்குச் சில மீட்டர் நகர்ந்தால் அதிகம். அந்த நிதானத்தில்தான் எல்லாம் நடக்கிறது. ஒவ்வொரு மணல் துகளின் மேலும் வழுவழுவென்று மெல்லிய பூச்சாகப் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. எவ்வளவு இடம் இருக்கும் அவற்றுக்கு? மணல் லாரிக் கணக்கிலேயே பார்ப்போம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. துகள் அரை மில்லிமீட்டர் உருண்டை என்றும், பத்தில் நான்கு பங்கு இடைவெளி என்றும் வைத்துக்கொண்டால், அந்த ஒரு யூனிட்டில் உள்ள துகள்களின் மொத்த மேற்பரப்பு சுமார் 20,000 சதுர மீட்டர். அதாவது ஐந்து ஏக்கர். ஐந்து மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டருக்குக் கான்கிரீட் தரை போட்டாலும் 5,000 சதுர மீட்டர்தான் தேறும், ஒரு யூனிட் மணலில் கால்வாசி.

அந்த ஐந்து ஏக்கரில் இரண்டு ஷிப்ட் வேலை. மேல் அடுக்கில் ஆக்சிஜன் இருக்கும். சாக்கடையோடு வரும் அம்மோனியாவை அங்குள்ள பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தண்ணீர் இன்னும் கீழே போகப் போக ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்கே வேறு கூட்டம். மூச்சு விட ஆக்சிஜன் இல்லாததால் அவை நைட்ரேட்டிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு, மிச்சமிருக்கும் நைட்ரஜனை வாயுவாகக் காற்றுக்கே அனுப்பிவிடுகின்றன. சாக்கடையில் வந்தது காற்றாகப் போய்விட்டது! வேறெங்கோ கொண்டுபோய்க் கொட்டும் வேலையே இல்லை. சின்னஞ்சிறு புழுக்களும் பூச்சிகளின் இளம்பருவங்களும் மணலுக்குள் ஊர்ந்து ஊர்ந்து இடைவெளி அடைபடாமல் பார்த்துக்கொள்கின்றன.

ஓடுகிற தண்ணீருக்குத் தீட்டில்லை என்று நம் பக்கம் சொல்வார்கள். அதை நம்பித்தான் துணி, சாம்பல், பூஜைக் கழிவு, கோழிக்கடைக் குப்பை எல்லாம் ஆற்றுக்குப் போகின்றன. ஓடும்போது கொஞ்சம் காற்று கலப்பது உண்மைதான். ஆனால் ஓட்டம் அழுக்கை முக்கியமாக அடுத்த ஊருக்குத்தான் அனுப்புகிறது. சுத்தம் செய்வது ஓட்டம் இல்லை, தாமதம். இதைச் சொன்னால் கோபப்படுகிறவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டிப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் மையை ரசித்துவிட்டுப் பழையபடியே போகிறார்கள்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரம் தன்னுடைய தார்ன்டன் ஓடையின் இரண்டு பகுதிகளை 2014இல் இப்படித்தான் சீரமைத்தது. இறுகிப்போன தரையைத் தோண்டியெடுத்து, மணலும் சரளையும் நிரப்பி, தண்ணீர் உள்ளே இறங்கி ஏறும்படி கட்டைகளையும் கற்களையும் கணக்குப் பார்த்துப் பதித்தார்கள். பிறகு ஆராய்ச்சியாளர்கள் சாலையிலிருந்து வழிந்து வரும் வேதிப்பொருள்களை அளந்தபோது, மணலுக்குள் சில மணி நேரம் இருந்துவிட்டு வந்த தண்ணீரில் பெரும்பாலானவற்றின் அளவு பாதிக்கும் கீழே போயிருந்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம். வத்தல்மலைப் பக்கமிருந்து வந்து தருமபுரி நகரை ஒட்டி ஓடும் சனத்குமார் நதிக்கு இந்த வைத்தியம் பலிக்குமா? முதலில் சாக்கடை நிற்க வேண்டும். சுத்திகரிக்காத சாக்கடை நேரே விழுந்தால் சேறு படிந்து மணலின் இடைவெளி அடைபடும், எந்த பாக்டீரியாவாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆக்கிரமிப்பு, சீமைக் கருவேலம், குப்பை எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. இன்னொன்று, நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் அதிகமாக இருக்கும் ஃபுளோரைடு. அது பாறையிலிருந்து கரைந்து வருவது, பாக்டீரியா அதைத் தின்னாது. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அடியோட்டம் எல்லா நோய்க்கும் மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்கு மானியங்கள் மீது ஒரு மனத்தாங்கல் உண்டு. நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்காக மத்திய அரசு 2021இல் தொடங்கிய அம்ருத் 2.0 போன்ற திட்டங்களில் நீர்நிலைகளை மீட்கவும் இடம் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் பணம் வந்தாலே சுவர், நடைபாதை, கைப்பிடிக் கம்பி, திறப்பு விழாக் கல்வெட்டு என்று போகிறது. மணலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஓட்டை போட்ட பிவிசி குழாய் நாலைந்தை நட்டு, மாதம் ஒருமுறை தண்ணீர் எடுத்துச் சோதித்தால் போதும். கலைக் கல்லூரி வேதியியல் மாணவர்கள் அதைச் சந்தோஷமாகச் செய்வார்கள். கல்வெட்டுச் செலவிலேயே முடிந்துவிடும்.

வாசகரின் கேள்வி வந்த வாரம் நகரை ஒட்டிய ஓடையொன்றில் இறங்கி மண்வெட்டியால் ஓரிடத்தைத் தோண்டிப் பார்த்தேன். மேலே ஒரு சாண் கறுப்புச் சேறு, அழுகின முட்டை நாற்றம், நடுவில் ஒரு ஷாம்பு பாக்கெட். இரண்டாவது சாணில் சாம்பல் நிறம். அதற்கும் கீழே இருமத்தூரில் பார்த்த அதே பொன்னிற மணல், கையில் எடுத்தால் விரலிடுக்கில் வழிந்தது. கால் கழுவ அங்கே நல்ல தண்ணீர் இல்லை. ரோட்டோர டீக்கடையில் ஒரு சொம்பு வாங்கிக் கழுவிக்கொண்டு வந்தேன்.