பரமபதத்தில் கடைசி ஒரு கட்டம் ஏன் இவ்வளவு தூரம்?

வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க, காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் பரமபத அட்டையை விரிப்பார்கள். ஐந்து வயதுப் பேரனும் அப்பத்தாவும் சரிசமமாக உட்கார்ந்து ஆட, இதைவிட நல்ல ஆட்டம் எனக்குத் தெரியவில்லை. யோசித்துக் காய் நகர்த்த இதில் இடமே கிடையாது. கட்டையில் விழுந்த எண்ணிக்கைக்குப் போக வேண்டும். ஏணி வந்தால் ஏற வேண்டும், பாம்பு வந்தால் இறங்க வேண்டும். பெரியவரின் அனுபவம் இங்கே செல்லாது. அதனால்தான் இந்த ஆட்டத்தை முழுக்கக் கணக்குக்குள் கொண்டுவந்துவிட முடிகிறது.

முதலில் பித்தளைத் தாயக்கட்டையைப் பார்ப்போம். நீளமான கட்டை என்பதால் நுனியில் நிற்காது, நான்கு பக்கங்களில் ஒன்றுதான் மேலே வரும். ஒரு பக்கத்தில் புள்ளி கிடையாது. மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள். இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டினால் 4 × 4 என்று 16 விதமாக விழலாம். தாயம், அதாவது 1 விழ, ஒரு கட்டை வெறுமையாகவும் மற்றது ஒரு புள்ளியோடும் இருக்க வேண்டும்; அதற்கு இரண்டே வழி. இரண்டும் மூன்று புள்ளி காட்டினால் 6, இரண்டும் வெறுமை என்றால் 12. இவற்றுக்குத் தலா ஒரு வழிதான். ஆனால் 3 விழ நான்கு வழிகள் உண்டு: வெறுமையும் மூன்றும், ஒன்றும் இரண்டும், பிறகு இதே ஜோடிகள் கட்டை மாறி. 2, 4 இரண்டுக்கும் மும்மூன்று வழிகள், 5-க்கு இரண்டு. ஆக, ஆறு முகப் பகடையில் எல்லா எண்ணும் ஒரே அளவு விழும் என்றால், தாயக்கட்டைக்கு 3 மேல் தனிப் பிரியம் உண்டு.

இந்தப் பிரியம் பெரிதாகத் தெரிவது ஆட்டத்தின் கடைசியில். மிகச் சரியான எண் விழுந்தால்தான் பரமபதம் சேரலாம், கூடுதலாக விழுந்தால் காய் நகராது என்பது பல வீடுகளில் விதி. "அப்பத்தா, எனக்கு ஒண்ணுதான் பாக்கி!" என்று பேரன் குதிக்கிறான். அப்பத்தாவின் காய்க்கு இன்னும் மூன்று கட்டம் பாக்கி. யார் முன்னால் இருக்கிறார்கள்? அட்டையைப் பார்த்தால் பேரன். கணக்கைப் பார்த்தால் அப்பத்தா.

பேரனுக்குத் தாயம் மட்டுமே உதவும். 16-ல் 2 வாய்ப்பு, அதாவது எட்டில் ஒன்று. சராசரியாக 8 முறை உருட்ட வேண்டும். அப்பத்தாவுக்கோ 3 விழுந்தால் நேரே சேர்ந்துவிடலாம், அது நான்கில் ஒன்று. 1 அல்லது 2 விழுந்தாலும் காய் நகரும். ஒரு கட்டம் முன்னால் சிக்கிக்கொள்ளும் அபாயத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், நடுவில் பாம்பு ஏதும் இல்லாத அட்டையில், சராசரி 5.9 உருட்டல்தான். இரண்டு கட்டம் பாக்கி இருப்பவருக்கு 6.4, நான்கு கட்டம் பாக்கி இருப்பவருக்கு 6.6. வாசலில் நிற்கிறவருக்குத்தான் காத்திருப்பு அதிகம்!

இதே முடிவை ஆறு முகப் பகடையால் ஆடிப் பாருங்கள், இன்னொரு அழகு தெரியும். கடைசி ஆறு கட்டங்களில் எதில் நின்றாலும், பாம்பு இல்லாவிட்டால், சராசரி 6 உருட்டல். நூறு கட்ட அட்டை என்றால், தொண்ணூற்று நான்கிலும் அதே ஆறு, தொண்ணூற்றொன்பதிலும் அதே ஆறு. காகிதத்தில் நாலு வரி போட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும். பள்ளிக்கூடத்தில் நிகழ்தகவு படிக்கிற பிள்ளைகளிடம் கொடுக்கத் தகுந்த கணக்கு.

சரி, பேரன் ஏழு முறை உருட்டியும் தாயம் விழவில்லை. அடுத்ததில் விழுந்தே ஆகும் என்று வீடே நம்பும். கட்டைக்கு அது தெரியாது. எட்டாவது முறையும் அதே எட்டில் ஒன்றுதான். எட்டு முறை உருட்டியும் தாயம் காணாதவர்கள் நூற்றுக்கு 34 பேர் இருப்பார்கள். காய்க்கும் இப்படித்தான் பழசு எதுவும் ஞாபகம் இல்லை. ஏணியில் வந்ததா, பாம்பில் சறுக்கி மறுபடி ஊர்ந்து வந்ததா என்பது இனி நடக்கப்போவதை மாற்றாது. இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது மட்டுமே கணக்கு. இப்படிப்பட்ட தொடர்களை ரஷ்யக் கணித அறிஞர் ஆந்திரேய் மார்க்கோவ் 1906-ல் ஆராயத் தொடங்கினார். இன்று அவற்றுக்கு மார்க்கோவ் சங்கிலி என்று பெயர். நம் பரமபதத்தின் வழியில் வந்து, அமெரிக்காவில் 1943-ல் வெளியான சறுக்குமர அட்டையை இந்த முறையில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒருவர் முடிக்கக் குறைந்தது 7 முறை, சராசரியாக 40 முறைக்குச் சற்றுக் குறைவாக, பகடைக்குப் பதில் அதில் இருக்கும் எண் முள்ளைச் சுழற்ற வேண்டும்.

உச்சிக்கு அருகே பெரிய பாம்பை வைத்தவர் விஷயம் தெரிந்தவர். மூன்று கட்டம் பாக்கி இருக்கும் அப்பத்தாவுக்கு அடுத்த கட்டத்திலேயே பாம்பின் தலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் காயை நகர்த்தும் வழிகள் ஒன்பது. அதில் தாயம் விழும் இரண்டும் பாம்பின் வாய்க்குள். எல்லோரும் ஏங்குகிற தாயத்தை அவர் மட்டும் வேண்டாம் என்று உருட்டுவார். அதே பாம்பு கீழே பத்தாவது கட்டத்தில் இருந்தால் யாரும் பயப்பட மாட்டார்கள், விழுந்தாலும் இழப்பது சில கட்டங்கள்தான்.

கட்டை நேர்மையானதா என்று பார்க்க ஆசை இருந்தால், ஆத்தங்குடிக் கல் பதித்த சமதளத்தில் ஒற்றைக் கட்டையை 100 முறை உருட்டி வெறுமைப் பக்கம் எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். 25-ஐ ஒட்டி வர வேண்டும். 17 முதல் 33 வரை இருந்தால் சந்தேகப்பட வேண்டாம். அதைத் தாண்டினால் இன்னொரு நூறு உருட்டிப் பாருங்கள். விளிம்பு தேய்ந்த பழைய கட்டைகளில் ஒரு பக்கம் அடிக்கடி வருவது உண்டு.

அப்புறம், சின்னப் பிள்ளைகளோடு ஆடும்போது கடைசி விதியைத் தளர்த்திவிடலாம்: தேவைக்கு மேல் விழுந்தாலும் சேர்ந்ததாகவே கொள்ளலாம். ஒரு கட்டம் பாக்கி இருக்கும் குழந்தைக்கு எட்டு உருட்டல் ஒன்றாகிவிடும். மூன்று வயதுக் குழந்தைக்கு நான் அப்படித்தான் ஆடச் சொல்வேன். கூட்டத் தெரிந்த பிள்ளை என்றால் பழைய விதியே இருக்கட்டும், எத்தனை முறை உருட்டினோம் என்று அதையே எண்ணச் சொல்லுங்கள்.